நொண்டாமல் நடக்கப் பழகியது

நான் எங்கேயும் விழவில்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லி வாய் உளைந்திருப்பேன்! கிணற்றடியில் வழுக்கவில்லை, பஸ்ஸிலிருந்து குதிக்கவில்லை, கல் தடுக்கவில்லை, ஷெல் விழுந்த நேரம் பங்கருக்குள் ஓடிக் காலை மடக்கிக்கொள்ளவுமில்லை. இருந்தும் என் வலது பாதத்துக்குள் ஓர் எலும்பு வெடித்திருந்தது. எந்த நாளில் வெடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போய் வந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அப்போது எனக்குக் கணக்கு ரீச்சராக நியமனம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீடு நாவற்குடாவில், அம்மாவும் நானும் மட்டும். அப்பா நான் படிக்கிற காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பா. பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், உன்னிச்சைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. வாவிக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம், நடுவில் ஒரு பாலம். பஸ் பாலத்தடியோடு நின்றுவிடும். இறங்கி, பெண்களின் வரிசையில் நின்று, பையைக் கவிழ்த்துக் காட்டி, கையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நின்று, பாலத்தை நடந்து கடந்து, அதற்கப்பால் கிறவல் ரோட்டில் பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்க வேண்டும். பின்னேரம் அதே கூத்து, மறுபக்கமாக.

சைக்கிள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு நாள் ஓர் இயக்கப் பொடியன் வந்து, “அக்கா, சைக்கிளை ஒருக்கா தாங்க, பின்னேரம் கொண்டுவந்து தாறன்” என்று மரியாதையாகத்தான் கேட்டான். கையில் துவக்கோடு நிற்பவன் மரியாதையாகக் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது? அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை. பிறகு நடைதான். காலில் தேய்ந்த பாட்டா செருப்பு. தோளில் பிள்ளைகளின் கொப்பிகள், தண்ணீர்ப் போத்தல், குடை, சோற்றுப் பார்சல். சோறு என்றா சொன்னேன்? பாதி நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்தான்.

அந்தக் காலத்து அலுப்பை இப்போது யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. தூங்கி எழும்பினால் போகிற அலுப்பு இல்லை அது. தூக்கத்துக்குள்ளும் வரிசையில் நிற்பேன். பல் விளக்கும்போதே, இன்றைக்கும் நடக்க வேணுமே என்று அழுகை வரும். அழுதால் பஸ் போய்விடும் என்று அழாமல் போவேன்.

பாதம் நோகத் தொடங்கியது மாரிக்கு முன்பு. மேல்பக்கம், நடுவிரலுக்கு நேராகக் கொஞ்சம் பின்னால், ஒரே ஓர் இடத்தில். காலையில் எழும்பினால் ஒன்றும் இராது. பாலத்தைத் தாண்டும்போது முணுமுணுக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் உயிர் போகும். கதிரையில் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் இருந்தால் தணியும். மறுநாள் விடிய மறுபடியும் ஒன்றும் இராது. என் காலே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒரே சொல்லாகச் சொன்னா: “சுளுக்கு.”

சுளுக்கு என்றால் எங்கள் ஒழுங்கையில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நாலு வீடு தள்ளி ஒரு மாமி இருந்தா. அவ தாயின் வயிற்றிலிருந்து தலையால் பிறக்காமல் காலால் பிறந்தவ. காலால் பிறந்த ஆள் காலால் மிதித்து உருவினால் எந்தச் சுளுக்கும் போய்விடும் என்று ஊரே நம்பும். நானும் நம்பினேன், ஏன் பொய் சொல்ல? மாமி விடிய வெறும் வயிற்றோடு என்னைப் பாயில் இருத்தி, நல்லெண்ணெய் பூசி, குதியால் பாதத்தின் மேல் ஏறி இறங்கினா. ஐயோ தாயே! நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கூட்டுக்குள் கிடந்து அடித்துக்கொண்டன.

“சுளுக்கு உள்ளுக்க இறங்கிட்டு கா, அதான் இப்பிடிக் கத்துறா” என்றா மாமி.

“பொறுத்துக்கொள் மனே. நாளைக்கும் வருவம்” என்றா அம்மா.

மாமி மிதித்த நாட்களுக்குப் பிறகு பாதம் வீங்கியது. இப்போது நான் நொண்டத் தொடங்கினேன். அம்மாவின் முகம் மாறியது அப்போதுதான். நோவுக்காக இல்லை, நொண்டலுக்காக.

நொண்டல் என்றால் அந்தக் காலத்தில் என்ன என்று சொன்னால்தான் விளங்கும். பாலத்தடியில் பெண்களைச் சோதிக்கிற ஆமிப் பெண்கள் எங்கள் முழங்கையையும் முழங்காலையும் தடவித்தான் பார்ப்பார்கள். தவழ்ந்து பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று. வயது இருபதுக்கு மேல், படுவான்கரைக்கு நாளாந்தம் போய் வருகிற ஒரு பெண் நொண்டினால் என்ன அர்த்தம்? காயம்பட்டவள். எங்கே பட்டது? விசாரணைக்கு என்று ஏற்றிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், வராதவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் காட்ட ஒரு காயம்கூட இல்லை. வெட்டு இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. நொண்டல் மட்டும் இருந்தது. அதற்கு என்ன காரணம் சொல்லுவது?

ஒரு சனிக்கிழமை டவுண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் சின்ன வயது. எத்தனை இரவு தூங்காமல் இருந்தாரோ, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதில ஒண்டும் இல்ல ரீச்சர்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்ப நான் பொய்யா நொண்டிக் கெந்துறன்?”

அவர் என் பாதத்தை எடுத்து மடியில் வைத்து, ஒரு விரல் நுனியால் ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் நான் துள்ளினேன்.

“இந்த ஒரு புள்ளிதானே? சுளுக்கெண்டா சுத்திவர நோகும். இது எலும்பு.” பிறகு கேட்டார்: “ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறீங்க? என்ன சாப்பிடுறீங்க? மாதம் ஒழுங்கா வருதா?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் நிலத்தைப் பார்த்தேன். மாதம் நின்று கன நாள். அலுப்பென்று நினைத்து அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவர் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. எலும்பு செத்த சாமான் இல்லையாம், அதற்கும் உயிர் உண்டாம். நடக்க நடக்க அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல்கள் விழுமாம். எல்லாருக்கும் விழும். உடம்பு முதலில் அந்தப் பழுதான இடத்தைச் சுரண்டி எடுத்துப்போட்டு, பிறகு புது எலும்பு வைத்துப் பூசுமாம். சுரண்டுவது சுறுக்காக நடக்கும். பூசத்தான் நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் ஆறுதல் கொடுக்காமல் அதே பாரத்தை அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் போட்டால், கீறல் வெடிப்பாகும். சாப்பாடும் போதாது, மாதமும் நின்றுவிட்டது என்றால் பூசுகிறதற்கு உடம்பிடம் சாமானும் இராது.

“வரம்பில ஆக்கள் நடக்க நடக்க மண் கரையும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்திலதானே அணைச்சுக் கட்டலாம்? நீங்க கட்ட விடல்ல” என்றார்.

“படத்தில ஏன் தெரியல்ல?”

“வெடிப்பு மயிரளவுதான். புது எலும்பு பூசத் தொடங்கினாப் பிறகுதான் ஒரு மங்கலாத் தெரியும். அதுக்கு இன்னும் சில கிழமை செல்லும். இல்லாட்டி முழுசா முறியோணும்.” அவர் கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது. “இது கூடுதலா ஆருக்கு வாறது தெரியுமா? பட்டாளத்துக்குப் புதுசாச் சேருற பொடியன்களுக்கு. பாரம் தூக்கிக்கொண்டு மார்ச் பண்ணி, மார்ச் பண்ணி…”

அவர் அதோடு நிறுத்தினார். விறாந்தையில் ஒரு ஆமிக்காரன் துவக்கோடு நின்றுகொண்டிருந்தான். டொக்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னதை ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க. கேட்டா கிணத்தடியில விழுந்தனான் எண்டு சொல்லுங்க” என்றார்.

“பத்துப் போட்டு விடுங்களன் டொக்டர். பிளாஸ்டரைக் கண்டா ஒண்டும் கேக்க மாட்டாங்க.”

“பிளாஸ்டர் காயக்காரருக்கே காணாது ரீச்சர். படத்தில ஒண்டும் இல்லாத காலுக்கு நான் என்னெண்டு போடுறது? ஆறு கிழமை வீட்டில இருங்க. அதுதான் மருந்து.”

ஆறு கிழமை! சாதாரண தரப் பரீட்சைக்கு அதற்கும் குறைவாகத்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க நான் ஒருத்திதான். கேத்திரகணிதம் பாதியில் நின்றது. பிள்ளைகள் வட்டையில் வயல் வேலை செய்துவிட்டு வந்து, சேற்றுக் காலோடு வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, “ரீச்சர், பரீட்சை முடியிற மட்டும் வருவீங்கதானே?” என்று கேட்கிறவர்கள். நான் ஓம் என்றிருந்தேன். சொல்லிவிட்டேனே, இனி என்ன செய்வது? பரீட்சை மட்டும் இழுத்துப்பிடிப்போம், பிறகு படுத்துக் கிடப்போம் என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் கதையையும் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்துவிட்டா.

“போகாத மனே. வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

“பரீட்சை மட்டும்தான் அம்மா.”

“அப்ப கெந்தாமப் போ.”

அதை அம்மா கோபத்தில்தான் சொன்னா. ஆனால் சொன்ன பிறகு அதையே பிடித்துக்கொண்டா. பாலத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை மட்டும் நொண்டாமல் நடந்தால் போதும், மிச்சத்தை எப்படியும் நடக்கலாம். அன்றைக்குத் தொடங்கியது பழக்கம். பின்னேரம் நான் வந்து தேத்தண்ணீர் குடித்து முடிக்க, அம்மா முற்றத்தைக் கூட்டிவிட்டு, “எங்க, ஒருக்கா நட பாப்பம்” என்பா. நான் மாமரத்தடியிலிருந்து வேலி மட்டும் நடப்பேன். அம்மா ஒரு பக்கமாக நின்று பார்ப்பா.

“வலப்பக்கம் சரியுது. நேரா நட.”

நேராக நடப்பேன்.

“தோளை ஏத்தாத. கிறுகித் திரும்பு. மறுகா நட. காலை முழுசா ஊண்டு மனே, நுனியில ஊண்டினா தெரியும்.”

முழுசாக ஊன்றுவேன். கண்ணில் நீர் கொட்டும். அம்மாவும் அழுவா. அழுதுகொண்டே, “இப்ப வடிவா இருக்கு, இன்னொருக்கா” என்பா. எலும்பு ஆறுதல் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதற்குப் பயிற்சி கொடுத்தோம். அது பைத்தியக்காரத்தனம் என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. டொக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்டுதான் செய்தோம். முறிகிற எலும்பைவிடப் பயப்பட வேறு இருந்தது.

கொஞ்ச நாளில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். பாலத்தில் ஒரு நடை, பாலம் தாண்டி ஒரு நடை. பாலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் போகிற ஆளின் முதுகைப் பார்த்தபடி, இடது வலது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போவேன். காவல் நிற்கிற சென்றிக்காரர் கண்ணுக்கு மறைந்ததும் ரோட்டோரப் பற்றையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதன் பிறகு நொண்டி நொண்டிப் பள்ளிக்கூடம். என்னைத் தினமும் கண்டு பழகிய சென்றிக்காரர், “டீச்சர், போங்க” என்று கையைக் காட்டுவார்கள். எனக்கு ஒரு தைரியம் வந்திருந்தது.

பிறகு அந்தப் பழைய ஆட்களை மாற்றிவிட்டார்கள். ஒரு விடியல் போனால் பாலத்தடியில் எல்லாம் புது முகம். புது ஆட்கள் வந்தால் முதல் கிழமை ஊருக்கே காய்ச்சல்தான். பையைக் கொட்டினார்கள், கொப்பிகளை உதறினார்கள், குடையை விரித்துப் பார்த்தார்கள். முழங்கை, முழங்கால் எல்லாம் பார்த்துப் போக விட்டார்கள். நான் பாலத்தில் ஏறி நடக்கத் தொடங்கினேன். இடது, வலது, இடது, வலது. நடுப்பாலத்தைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து ஒரு விசில்.

திரும்பிப் போனேன். கூப்பிட்டவன் அதிகாரி. முப்பது வயது இருக்கும். கொச்சைத் தமிழ் பேசினான், ஆனால் விளங்கக்கூடிய தமிழ்.

“நீ எங்க ட்ரெயினிங் எடுத்த?”

“நான் ரீச்சர். கணக்குப் படிப்பிக்கிறனான்.”

“மத்தப் பொம்பிளை எல்லாம் இப்படி நடக்கிறதில்ல.” வரிசையைக் காட்டினான். பையைத் தூக்கி, பிள்ளையைத் தூக்கி, கோணல்மாணலாக வருகிற பெண்களைக் காட்டினான். “நீ மட்டும் நேரா. பரேட் மாதிரி.”

என் அம்மா அழுது அழுது பழக்கிய நடை அது. அவன் கீழே குனிந்து என் செருப்பைப் பார்த்தான். வீங்கின பாதத்தைப் பார்த்தான். அவன் முகம் கல்லாகியது.

“எங்கட காம்பிலயும் புதுசா வாறவனுக்கு இந்த இடம்தான் வீங்கும். எனக்குத் தெரியும். எங்க மார்ச் பண்ணின?”

கிணற்றடியில் விழுந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. அந்த நேரத்துப் பயத்தைவிட அலுப்புத்தான் பெரிதாக இருந்தது. என் நாசமாய்ப்போன வாய் திறந்துகொண்டது.

“இந்தப் பாலத்திலதான் மார்ச் பண்ணினன். நாளாந்தம் பஸ்ஸால இறக்கி நடக்க வைக்கிறது நீங்கதானே?”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவன் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. பாலத்தின் அந்தத் தலையைக் காட்டி, “நட” என்றான். “போயிட்டு வா. நான் பாக்கணும்.”

நொண்டினால் காயக்காரி. நேராக நடந்தால் பயிற்சி எடுத்தவள். எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேராகத்தான் நடந்தேன், வேறு நடை எனக்கு மறந்துபோயிருந்தது. போய்த் திரும்பினேன். மறுபடியும் “நட” என்றான். அந்த முறை திரும்பி வரும்போது, காலை முழுசாக ஊன்றினேன், பச்சை மரவள்ளித் தடியை முறித்த மாதிரி ஒரு சத்தம் உள்ளே கேட்டது. பாலம் என் முகத்துக்கு வந்தது.

யாரும் கிட்ட வரவில்லை. வரப் பயம், பாவம் அவர்கள். கொப்பிகள் எல்லாம் பாலத்தில் கிடந்தன. ஓர் ஆமிப் பெண்தான் என் கமக்கட்டுக்குள் கை கொடுத்து நிமிர்த்தினாள். அதிகாரி குந்தியிருந்து என் பாதத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அது நீலமாகிக்கொண்டு வந்தது. அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“ஏன் சொல்லல்ல?” என்று கேட்டான்.

சொன்னால் நம்பியிருப்பாயா என்று கேட்க நினைத்தேன். அவர்களுடைய லொறியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான்.

அதே டொக்டர். அதே ஜன்னல். படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இப்ப வடிவாத் தெரியுது” என்றார். எனக்கும் காட்டினார். எலும்பு இரண்டாக, பச்சைப்பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி, முறிந்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டார்கள். அது காயும் வரைக்கும்கூட என்னால் விழித்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்தில் ஆட்கள் நோவில் குழறிக்கொண்டிருக்க, அந்த வருடத்தில் முதல் தரமாக அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினேன். பிள்ளைகளின் கேத்திரகணிதம்கூட ஞாபகம் வரவில்லை.

கண் விழித்தபோது அம்மா கட்டில் விளிம்பில் இருந்தா. யாரோ பஸ்ஸில் வந்து சொல்லியிருக்கிறார்கள். இடியப்ப மா காய்ந்த கையோடு அப்படியே ஓடி வந்திருந்தா. அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. பிளாஸ்டரை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிப் பார்த்தா. விரலால் தட்டிப் பார்த்தா. நோகுதா என்று கேட்கவில்லை. அவவின் முகத்தில் கன காலமாக நான் காணாத ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு ஆத்திரம் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளையின் கால் முறிந்து கிடக்கிறது, இவவுக்கு நிம்மதியா? பிறகு நானும் அப்படித்தானே என்று விளங்கி, கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்டர் அந்தப் பக்கமாக வந்தார். அம்மா எழும்பி, சீலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

“ஐயா, இதை எப்ப வெட்டுவீங்க?”

“ஆறு கிழமையால, அம்மா.”

“இன்னும் கொஞ்ச நாள் கூட வைச்சுவிட ஏலாதா?”

“ஏன் அம்மா? அதுக்கிடையில எலும்பு நல்லாப் பொருந்திடும்.”

“அதுதான் ஐயா” என்றா அம்மா. “பொருந்திட்டா மறுகா நடக்கச் சொல்லுவாங்களே.”

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.